பர்ச்சேஸ் ஆள் அல்லாதவருக்கு வாங்கக் கற்றுத்தருவது எப்படி? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

எங்கள் கம்பெனியில் தொழிலாளர் உடை மாற்றும் அறைக்கு 12 இரும்பு லாக்கர் வாங்க வேண்டியிருந்தது. எச்ஆர் தம்பி இரண்டு கொட்டேஷன் வாங்கினான். முதல் கடையில் ஒரு லாக்கர் ₹7,800, ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி, ஆக ₹9,204. இரண்டாவது கடையில் ₹8,300, 'எல்லாம் அடக்கம்'. தம்பி இரண்டாவதையே எடுத்தான். ஒன்றுக்கு ₹904 வீதம் 12 லாக்கருக்கு ₹10,848 மிச்சம் என்று முதலாளிக்கு மெயிலும் போட்டுவிட்டான்.

பில் என் மேசைக்கு வந்தபிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தக் கடைக்காரர் சிறு வியாபாரிகளுக்கான ஜிஎஸ்டி காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர். வரி வசூலிக்க உரிமை இல்லாதவர் என்று பில்லின் தலையிலேயே அச்சடித்திருந்தது. முதல் கடையில் வாங்கியிருந்தால் கட்டிய ₹1,404 வரியை நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்டிருப்போம். அசல் செலவு ₹7,800 மட்டும். இரண்டாவது கடையின் ₹8,300-இல் ஒரு ரூபாயும் திரும்ப வராது. லாக்கருக்கு ₹500 வீதம் ₹6,000 நஷ்டம். முதல் கடைக்காரர் நம் கேட் வரை கொண்டுவந்து இறக்குவதாகச் சொல்லியிருந்தார். இரண்டாமவர் விலை அவர் குடோன் வரைதான். டெம்போவும் இறக்குகூலியும் சேர்த்து ₹3,200. ₹10,848 மிச்சம் என்று மெயில் போன இடத்தில் ₹9,200 கூடுதலாகப் போயிருந்தது.

"அண்ணா, ரேட்டு கம்மியாத்தானுங்க இருந்துச்சு?" என்றான் தம்பி.

அவன் கணக்கில் பிழையே இல்லை. வீட்டுக்கு ஒரு பீரோ வாங்கியிருந்தால் அவன் செய்ததுதான் சரி. வீட்டில் கட்டிய வரி திரும்ப வராது. மொத்தத் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். நம்மில் எல்லோரும் முப்பது நாற்பது வருடம் வீட்டுக்கு வாங்கிப் பழகிய கண்ணோடுதான் கம்பெனிக்கும் வாங்க உட்காருகிறோம். மெயின்டனன்ஸ் போர்மேன், கேன்டீன் பொறுப்பாளர், ஐடி பையன், ரிசப்ஷனில் இருக்கும் அம்மா, யாராயிருந்தாலும் இதுதான் கதை.

நான் கோவைப் பக்கம் பம்ப் உதிரி செய்யும் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். 180 பேர் வேலை செய்யும் இடத்தில் பர்ச்சேஸுக்கு என்னோடு சேர்த்து மூன்று பேர். இதே அளவு கம்பெனி நடத்துகிறவர்களும் என் தொழில் நண்பர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எங்க ஆளுங்களே சின்னச் சின்னதா வாங்கிக்கிறாங்க. அவங்களுக்கு பர்ச்சேஸ் சொல்லித்தரணும். கிளாஸ் எடுக்கறதா, புக்கு போடறதா, டிபார்ட்மென்ட்டுக்கு ஒருத்தரைப் பழக்கறதா, இல்ல சாப்ட்வேரே வாங்கிடறதா?" நான்கையும் ஏதோ ஒரு காலத்தில் செய்து பார்த்திருக்கிறோம். அதை வைத்துச் சொல்கிறேன்.

## முதலில்: எதைச் சொல்லித்தரப்போகிறோம்?

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் சரக்கைப் பிரித்துக்கொள்ளுங்கள். 1983-இல் பீட்டர் கிரால்ஜிக் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய நான்கு கட்டப் பிரிப்பை இன்றும் பர்ச்சேஸ் வகுப்புகளில் வரைந்து காட்டுகிறார்கள். ஒரு பொருள் லாபத்தை எவ்வளவு பாதிக்கும், அது கிடைக்காமல் போகும் ஆபத்து எவ்வளவு என்று இரண்டே கேள்வி. எங்கள் தொழிலில் வார்ப்பு, மோட்டார், ஷாப்ட்டுக்கான ராடு எல்லாம் இரண்டிலும் மேலே நிற்கும். அவற்றை வாங்க வேறு யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை, தரவும் கூடாது. கையுறை, துடைக்கும் வேஸ்ட் துணி, ஸ்டேஷனரி, லாக்கர், சின்ன டூல்ஸ், ரிப்பேர் வேலை போன்றவைதான் பரவலாக எல்லோரும் வாங்குபவை. தொகை சின்னது, எண்ணிக்கை அதிகம்.

இந்தச் சரக்கில் பணம் ஒழுகும் இடங்களும் எண்ணிவிடக்கூடியவை. பேரம் பேசத் தெரியாததால் போகும் பணம் நான் பார்த்தவரை சொற்பம். நம் ஆட்கள் உழவர் சந்தையில் பேசுகிற பேரத்துக்கு எந்த பர்ச்சேஸ் மேனேஜரும் ஈடாக மாட்டான். ஒழுகுவது வேறு இடங்களில்:

பில்லில் கம்பெனியின் ஜிஎஸ்டி எண் இல்லாமல் போவது. அவசரத்துக்குத் தன் சொந்தக் கணக்கில் ஆன்லைனில் வாங்கி, பில்லைத் தன் பெயரிலேயே கொண்டுவருபவர்கள் எல்லா இடத்திலும் உண்டு.

விலை எதுவரை என்று கேட்காமல் விடுவது. கடைக்காரர் குடோன் வரையா, லாரி ஆபீஸ் வரையா, நம் கேட் வரையா?

போனில் "சரிங்க, அனுப்பிவிடுங்க" என்று சொல்லிவிடுவது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். பர்ச்சேஸ் ஆர்டர் பின்னால் வரும்போது விலை ஏற்கெனவே முடிந்த கதை.

ஒரே ஆளுக்கு ஒரே நாளில் ₹10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுப்பது. வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவை ஏற்க மாட்டார்கள்.

கடைசியாக, நான் அதிகம் பார்த்த ஒழுகல்: வந்த சரக்கில் குறை இருந்தும் எழுத்தில் சொல்லாமல் மூலையில் போட்டுவைப்பது. விற்றவர் சிறு குறு நிறுவனம் என்றால், அவர்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் மறுப்புச் சொல்லாவிட்டால் வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகத்தான் கணக்கு. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. போதாதற்கு 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒன்றைச் சேர்த்தது; கெடு தாண்டி நிற்கும் தொகையைக் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். ஷிப்ட் சூப்பர்வைசர் "சார், அந்த ஜாப் சரியில்லைன்னு அன்னிக்கே போன்ல சொல்லிட்டேனே" என்பார். ஆர்டர் வாய்ப்பேச்சில் செல்லும், இந்த மறுப்பு மட்டும் போனில் சொன்னால் சட்டத்தில் செல்லாது.

ஆக, சொல்லித்தர வேண்டியது ஐந்தாறு இடங்களில் நின்று, "இதை ஒரு தடவை கேட்டுக்கலாம்" என்று தோன்றுவதை. இந்த அளவுக்குச் சுருக்கிக்கொண்டால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

## எதை வைத்து அளப்பது?

வாங்குகிற நிமிடத்தில் அந்த அறிவு கைக்கு எட்டுமா என்பது முதல் அளவுகோல். செவ்வாய்க்கிழமை கேட்ட வகுப்பு, எட்டு மாதம் கழித்துக் கடை வாசலில் நிற்கும்போது நினைவுக்கு வர வேண்டும். இதற்கு நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக மதிப்பெண் தருவேன்.

இரண்டாவது, ஆள் வேலையை விட்டுப் போனால் அறிவும் கூடவே போய்விடுமா? மூன்றாவது, அதைப் புதுப்பிப்பது யார் தலையில் விழும்? சட்டம் மாறும், விலை மாறும், கடைக்காரர் மாறுவார். நான்காவது, தவறுக்கும் தப்புத்தண்டாவுக்கும் எவ்வளவு இடம் கொடுக்கிறது? கடைசியாக, கற்றுக்கொள்பவரிடமிருந்து கேள்வியும் தகவலும் நம் பக்கம் திரும்பி வருமா? இதை யாரும் அளவுகோலாக வைப்பதில்லை. ஏன் வைக்க வேண்டும் என்பதை மூன்றாவது வழியில் சொல்கிறேன்.

## வழி 1: எல்லோரையும் கூட்டி ஒரு நாள் வகுப்பு

முதலாளிகளுக்கு ரொம்பப் பிடித்த வழி. புரொஜெக்டர், மதியச் சாப்பாடு, சான்றிதழ், குரூப் போட்டோ. ஒரே நாளில் 'சொல்லிக்கொடுத்தாச்சு' என்று கோப்பை மூடிவிடலாம்.

வெளியிலிருந்து வரும் பயிற்சியாளரின் கட்டணம்தான் செலவு என்று நினைப்பார்கள். 40 பேர் ஒரு நாள் மெஷினையும் மேசையையும் விட்டு வந்து உட்கார்ந்தால் 320 மணி நேர வேலை போகிறது. அந்த 40 பேரில் பலர் வருடத்துக்கு இரண்டு முறைகூட எதுவும் வாங்க மாட்டார்கள். வாங்கும் நாளில் முக்கால்வாசி மறந்திருக்கும்.

மறப்பதுகூடப் பரவாயில்லை. அரைகுறையாக நினைவிருப்பதுதான் ஆபத்து. லாக்கர் கதைக்குப் பிறகு ஒரு வகுப்பு எடுத்தேன். "வரியைக் கழிச்சுட்டு விலையை ஒப்பிடுங்க" என்று பலகையில் பெரிதாக எழுதினேன். அந்தத் தீபாவளிக்கு ஊழியர்களுக்குப் பரிசுப் பெட்டி வாங்கியவர் அதையே அப்படியே செய்தார். ஆனால் பரிசாகக் கொடுத்துவிடும் பொருளுக்குக் கட்டிய வரி திரும்ப வராது. ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு அதைத் தடுக்கிறது. அங்கே வீட்டுக்கணக்குதான் சரி, மொத்தத் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். விதியை நான் சொல்லியிருந்தேன், விலக்கைச் சொல்லவில்லை. அந்தத் தவறு முழுக்க என்னுடையது.

வகுப்பே கூடாது என்பதில்லை. எல்லோருக்கும் ஒரே நாளில் ஒன்று மாறும்போது வகுப்பை விட்டால் வேறு வழியில்லை. 2017 ஜூலை 1 ஜிஎஸ்டி வந்தது. அந்த வாரம் சீட்டு எழுதி ஒட்டிக்கொண்டிருக்க முடியாது, எல்லோரையும் உட்காரவைத்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. புது மென்பொருளுக்கு மாறும் நாளும் அப்படித்தான். அப்போதும் 40 பேரைக் கூட்டாமல், போன வருடம் உண்மையிலேயே எதையாவது வாங்கியவர்கள் யார் என்று பில்லைப் பார்த்துக் கூப்பிடுங்கள். 12 பேர்தான் தேறுவார்கள். ஒன்றரை மணி நேரம் போதும். அவர்கள் வாங்கிய பில்களையே பலகையில் போட்டுப் பேசினால் தூக்கம் வராது.

## வழி 2: ஒரு பக்கச் சீட்டு

கையேடு என்றதும் 60 பக்கத்தில் ஸ்பைரல் போட்டு ஒன்று தயாரிப்பார்கள். ஐஎஸ்ஓ ஆடிட் வரும்போது அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டுவார்கள். அதை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. நான் சொல்வது இண்டென்ட் புத்தகத்தின், அதாவது இன்ன பொருள் வேண்டும் என்று எழுதிக்கொடுக்கும் புத்தகத்தின், அட்டையில் ஒட்டுகிற ஒற்றைத் தாள். இண்டென்ட் கம்ப்யூட்டரில் போடுகிறார்கள் என்றால் அந்தத் திரையிலேயே வர வேண்டும்.

எங்கள் சீட்டில் ஏழு வரிதான். பில்லில் நம் ஜிஎஸ்டி எண் வருமா என்று கேள். கடைக்காரர் காம்போசிஷனா என்று கேள். ஆமாம் என்றால் எங்களுக்குப் போன் போடு. விலை நம் கேட் வரையா என்று கேள். பர்ச்சேஸ் ஆர்டர் எண் வரும் முன் 'அனுப்புங்க' என்று சொல்லாதே. ₹10,000-க்கு மேல் ரொக்கம் இல்லை. சரக்கில் குறை தெரிந்தால் அன்றே ஸ்டோர்ஸில் எழுதிக்கொடு. பரிசு, விருந்து, வண்டி சம்பந்தமானது என்றால் வாங்கும் முன்னேயே எங்களிடம் வா.

கவனித்துப் பாருங்கள், ஏழு வரியிலும் ஏன் என்ற விளக்கம் கிடையாது. முதல் தடவை போட்ட சீட்டில் ஏன் எதற்கு எல்லாம் எழுதியிருந்தேன், எழுத்து 8 புள்ளிக்குச் சுருங்கிப்போனது, ஒருவரும் படிக்கவில்லை. காரணம் தெரிய வேண்டியவன் கேட்டுக்கொண்டு வருவான், அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

செலவு என்று பார்த்தால் ஜெராக்ஸ் காசு. கண்ணுக்குத் தெரியாத செலவு, அதை உயிரோடு வைத்திருப்பது. பழைய சீட்டு, சீட்டே இல்லாததைவிட மோசம். தவறான எண்ணை நம்பிக்கையோடு பின்பற்றுவார்கள். சீட்டின் மூலையில் தேதியும், 'இந்தத் தேதிக்கு மேல் நம்பாதே' என்ற வரியும் போட்டுவைத்திருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும், மாற்றுவது யார் என்று ஒரு பெயர் இருக்க வேண்டும். 'பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்' என்று போட்டால் ஒருவரும் மாற்ற மாட்டார்கள்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வார்ப்புப் பிரிவில் பீகார், ஒடிசாப் பையன்கள் நிறைய. சூப்பர்வைசருக்குத் தமிழ்ச் சீட்டு போதும். ஸ்டோர்ஸில் சரக்கை இறக்கிவைப்பவருக்குக் குறை இருந்தால் எழுதிக்கொடுக்க வேண்டிய வரி மட்டும் இந்தியிலும் இருந்தாக வேண்டும். இதை எங்களுக்கே ஒரு வருடம் கழித்துத்தான் உறைத்தது.

சீட்டு எதற்கு உதவாது? தொழில்நுட்ப விவரம் உள்ள பொருளுக்கு. ஏழு வரியில் பேரிங்கைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

## வழி 3: பிரிவுக்கு ஓர் ஆள்

மெயின்டனன்ஸில் ஒருவர், எச்ஆரில் ஒருவர், ஐடியில் ஒருவர் என்று பிடித்து, பர்ச்சேஸில் இரண்டு வாரம் உட்காரவைத்துத் திருப்பி அனுப்புவது. அதன்பின் அந்தப் பிரிவில் யார் எதை வாங்க நினைத்தாலும் முதலில் அவரிடம் கேட்க வேண்டும்.

என்னைக் கேட்டால் நான்கில் அதிகம் விளைச்சல் தருவது இதுதான். அதிகம் கெட்டுப்போவதும் இதுதான்.

விளைச்சலுக்கு ஒரு கதை. மெயின்டனன்ஸில் இருந்து '6205 இசட்இசட் சி3' என்று பேரிங் இண்டென்ட் வரும். 25 மில்லி துளை, 52 மில்லி வெளிவிட்டம், 15 மில்லி அகலம். சந்தையில் சர்வசாதாரணமாகக் கிடைப்பது. எங்கள் பர்ச்சேஸ் பையன் ஒருவன் அந்தக் கடைசி 'சி3' ஏதோ கம்பெனிக் குறியீடு என்று நினைத்து, அதை விட்டுவிட்டு கொட்டேஷன் கேட்டான். கைவசம் இருந்ததை உடனே கொடுத்தார்கள், விலையும் கொஞ்சம் இறங்கியது. பையனுக்குப் பெருமை. சி3 என்பது உள்ளே இருக்கும் இடைவெளி வழக்கத்தைவிடக் கூடுதல் என்பதைக் குறிப்பது. ஓடும் மோட்டாரில் ஷாப்ட் சூடாகி உள்வளையம் விரியும். அந்த விரிவுக்கு இடம் வேண்டும். இடமில்லாத பேரிங் சூடேறி, சத்தம் போட்டு, சில வாரத்தில் போய்விட்டது. பர்ச்சேஸ் தெரியாதவருக்குச் சொல்லித்தருகிறோம் என்று பேசிக்கொண்டிருக்கிறோமே, அந்த ஒரு பேரிங் விஷயத்தில் ஸ்பெஷலிஸ்ட் போர்மேன்தான். ஒன்றும் தெரியாதவர்கள் நாங்கள்.

பிரிவுக்கு ஓர் ஆள் இரண்டு வாரம் எங்களோடு உட்கார்ந்தபோது இந்த மாதிரி எட்டு பத்து விஷயம் வெளியே வந்தது. எந்த கையுறை மூன்றே நாளில் கிழிகிறது, எந்தக் கடைக்காரர் சாம்பிளுக்கு ஒன்றும் லோடுக்கு வேறொன்றும் அனுப்புகிறார், இதெல்லாம் எங்கள் கோப்பில் இல்லை, அவர்கள் கையில் இருந்தது. வகுப்பிலும் சீட்டிலும் இந்தத் திரும்பு பாதை கிடையாது.

இனி கெட்டுப்போகும் விதம். அந்த ஆளுக்கு வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேரமாவது இதற்குப் போகும். அவருடைய போர்மேன் அதை ஒப்புக்கொள்ளாவிட்டால் ஒரு மாதத்தில் "எனக்கு இது வேலையில்லீங்களே" என்று நிற்பார். நியாயம்தான், சம்பளச் சீட்டில் இல்லாத வேலையை எத்தனை நாள் செய்வார்? அப்புறம், நன்றாகப் பழகியவர்தான் முதலில் வேறு கம்பெனிக்குப் போவார். கற்றதெல்லாம் அரசூர் தாண்டி எங்கேயோ போய்விடும்.

மூன்றாவதைச் சொல்ல எல்லோரும் தயங்குவார்கள். யார் கேட்கிறாரோ அவரைத்தான் கடைக்காரர் சுற்றிவருவார். முதலில் டீ, அப்புறம் காலண்டர், அப்புறம் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ். ₹5,000 வரை பிரிவே வாங்கிக்கொள்ளலாம் என்று எல்லை வைத்தோம்; ஒரே கடையில் ஒரே நாளில் ₹4,800-க்கு இரண்டு பில் வர ஆரம்பித்தது. ஆளை மாற்றினோம், பிரச்சினை நின்றது. கற்றுத்தரும்போதே வருடத்துக்கு ஒரு முறை ஆள் மாறுவார் என்று சொல்லிவிடுங்கள். அப்போது சந்தேகப்பட்டு மாற்றினார்கள் என்ற பேச்சு வராது, அறிவும் ஒருவரிடமே தங்காது.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது சீனியாரிட்டி பார்க்க வேண்டாம். கேட்டால் எரிந்துவிழாத ஆளாக இருந்தால் போதும்.

## வழி 4: ரேட் கான்ட்ராக்ட் போட்டு, பட்டியலிலிருந்து எடுக்கவைப்பது

ஆளுக்கு அறிவு தருவதற்குப் பதிலாக அறிவை மென்பொருளுக்குள் பூட்டிவைப்பது. அடிக்கடி வாங்கும் 200 பொருளுக்கு முன்கூட்டியே கடை, விலை, வரி, டெலிவரி எல்லாம் பேசி முடித்துப் பட்டியல் போட்டுவிடுவது. வாங்குபவர் பொருளின் பெயரைத் தேர்ந்து எண்ணிக்கையைப் போட்டால் ஆர்டர் போய்விடும். அரசு அலுவலகங்கள் சரக்கு வாங்க மத்திய அரசு 2016-இல் தொடங்கிய ஜெம் இணையதளத்தின் யோசனையும் ஏறக்குறைய இதுதான், அளவுதான் வேறு.

லாக்கர் மாதிரித் தவறு இங்கே நடக்கவே முடியாது. தவறான கடையே பட்டியலில் இருக்காது. நேரமும் மிச்சம், தப்புத்தண்டாவும் குறையும். ஏன் எல்லோரும் இதையே செய்வதில்லை?

லைசென்ஸ் காசைவிடப் பட்டியலைச் சுத்தம் செய்வதுதான் பெரிய வேலை. எங்கள் கணக்கு மென்பொருளான டேலியில் ஒரே பொருள் 'கிளவுஸ்', 'ஹேண்ட் கிளவ்', 'கையுறை காட்டன்' என்று மூன்று பெயரில் கிடந்தது. இதைச் சரிசெய்ய ஓர் ஆள் நான்கு மாதம் உட்கார்ந்தார். விலை இன்னொரு தலைவலி. ரப்பரோ செம்போ ஏறினால் ஆறு மாத ரேட் கான்ட்ராக்ட் போட்ட கடைக்காரர் 'ஸ்டாக் இல்லீங்க' என்பார். பட்டியலில் விலை இருக்கும், சரக்கு இருக்காது. பட்டியலில் இல்லாத பொருள் தேவைப்பட்டால் எல்லோரும் 'இதர' என்ற தலைப்பில் போட ஆரம்பிப்பார்கள். ஒரு கட்டத்தில் 'இதர' தான் மிகப் பெரிய தலைப்பாக வளர்ந்து நிற்கும்.

இன்னொன்று. பட்டியலிலிருந்து எடுத்தே பழகியவருக்கு, பட்டியலுக்கு வெளியே ஒன்று வாங்க நேர்ந்தால் மறுபடி வீட்டுக்கண்தான்.

## வாட்ஸ்அப் குரூப்பா?

நிறையப் பேர் இதையும் ஒரு வழியாகச் சொல்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்ட நிமிடத்தில் பதில் வரும். அந்த ஒரு விஷயத்தில் நான்கு வழியையும் அடித்துவிடும். ஆனால் இரவு 9 மணிக்கு பில் போட்டோ வரும், ஒருவருக்குச் சொன்ன பதிலை அடுத்த மாதம் இன்னொருவருக்குத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கடைக்காரர் விலைகளை அதில் போடத் தொடங்கினால் அது வெளியே போகாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நாங்கள் வைத்திருக்கிறோம், கேள்விப் பெட்டியாக மட்டும். சனிக்கிழமை அந்த வாரக் கேள்விகளைப் பார்ப்போம். ஒரே கேள்வி மூன்று முறை வந்திருந்தால் சீட்டில் ஏறும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | வகுப்பு | ஒரு பக்கச் சீட்டு | பிரிவுக்கு ஓர் ஆள் | பட்டியல், ரேட் கான்ட்ராக்ட் |
|---|---|---|---|---|
| வாங்கும் நிமிடத்தில் கைக்கு எட்டுமா | எட்டாது | எட்டும் | அவர் லீவில் இல்லாவிட்டால் | எட்டும், பட்டியலில் இருந்தால் |
| ஆள் போனபின் நிற்குமா | நிற்காது | நிற்கும் | போய்விடும் | நிற்கும் |
| புதுப்பிக்கும் பாரம் | மறுபடி முழுச் செலவு | குறைவு, ஆனால் பெயர் போட்ட பொறுப்பாளர் தேவை | வருடம் ஒருவரைப் பழக்குவது | மிக அதிகம் |
| தப்புத்தண்டாவுக்கு இடம் | மாற்றமில்லை | மாற்றமில்லை | கூடும் | குறையும் |
| கேள்வி திரும்பி வருமா | அன்று ஒரு நாள் | அரிது | நிறைய | வராது |
| மறைந்திருக்கும் செலவு | வேலை நின்ற நேரம், அரைகுறை நினைவு | பழசாகிப்போன சீட்டு | அவர் செய்யாமல் விடும் சொந்த வேலை | பொருள் பெயர்களைச் சுத்தம் செய்வது |

## யாருக்கு எது?

100 பேருக்குக் கீழே, பர்ச்சேஸுக்கு ஒருவரோ முதலாளி தானோ இருக்கும் இடத்தில் சீட்டு மட்டும் போதும். மென்பொருள் விற்க வருபவரை உட்காரவைத்து டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எங்களைப் போல 150 முதல் 300 பேர் வரை, மெயின்டனன்ஸ் பெரிதாக இருக்கும் தொழிற்சாலை என்றால் சீட்டும் மெயின்டனன்ஸுக்கு ஓர் ஆளும். எல்லாப் பிரிவுக்கும் ஆள் போடத் தேவையில்லை. எச்ஆரும் கேன்டீனும் சீட்டோடு சமாளிப்பார்கள். தொழில்நுட்ப விவரம் எங்கே அதிகமோ அங்கே மட்டும் ஆள்.

மூன்று நான்கு ஊரில் கிளைகள் இருந்து, எல்லா இடத்திலும் ஒரே மாதிரிச் சின்னச் சரக்கு ஓடுகிறது என்றால் பட்டியல் போடும் உழைப்புக்குப் பலன் உண்டு. ஒரே இடத்தில் இருக்கும் கம்பெனி, பொருள் பெயர்களை முதலில் ஒழுங்குபண்ணி 30 பொருளுக்கு மட்டும் ரேட் கான்ட்ராக்ட் போட்டுப் பார்க்கட்டும். ஆறு மாதம் அது ஓடினால் மென்பொருளைப் பற்றிப் பேசலாம்.

எந்த வழியை எடுத்தாலும் எதைப் பகிரக்கூடாது என்பதைப் பர்ச்சேஸ் ஆட்கள் முடிவுசெய்துகொள்ள வேண்டும். எங்கள் தொழிலில் ரேட்டைத் தெரிந்துவைத்திருப்பதே கௌரவம். அதனால் எதையும் சொல்லித்தர மனம் வராது, அதற்கு வணிக ரகசியம் என்று பெயரும் வைத்துக்கொள்வோம். நானும் பல வருடம் அப்படி இருந்தவன்தான். கடைக்காரரிடம் பேசி இறக்கிய விலை ரகசியம், இருக்கட்டும். காம்போசிஷன் பில்லுக்கு வரி திரும்ப வராது என்பதில் என்ன ரகசியம்?

இன்னும் எது என்று முடிவுக்கு வர முடியவில்லை என்றால், அக்கவுன்ட்ஸில் போய்ப் போன மூன்று மாதத்தில் பர்ச்சேஸ் வழியாக வராத பில்களை எடுத்துவாருங்கள். நூறு பில் போதும். ஜிஎஸ்டி எண் இல்லாதது, டெம்போ வாடகை தனியாக வந்தது, ரொக்கம் எல்லை மீறியது என்று ஒரு குவியல். தவறான சைஸ், தவறான கிரேடு வந்து கிடப்பது இன்னொரு குவியல். ஒரே கையுறையை ஐந்து பேர் ஐந்து விலைக்கு வாங்கியது மூன்றாவது. முதல் குவியல் பெரிதென்றால் சீட்டு, இரண்டாவது பெரிதென்றால் பிரிவுக்கு ஓர் ஆள், மூன்றாவது பெரிதென்றால் ரேட் கான்ட்ராக்ட். எங்களுக்கு முதல் குவியல் மேசையை மறைத்தது. அந்த லாக்கர் பில் அதில் மேலேயே கிடந்தது.